புதுச்சேரி மொட்டைமாடி ஹோட்டலில் மேசை பதிவு செய்யப்போகிறவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரியில் ஹோட்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஊரைப் பார்த்தபடி சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள், முக்கியமாக வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் இன்னும் முடியாததால் ஹோட்டலின் பெயரை எழுதவில்லை.

போன மே மாதம் அப்பா அம்மாவின் திருமண நாளுக்காகக் கடலூரிலிருந்து குடும்பத்தோடு போனோம். விளம்பரத்தில் 'கடலில் சூரியன் மறைவதைப் பார்த்தபடி இரவு விருந்து' என்று போட்டிருந்தார்கள். புதுச்சேரிக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. அங்கே கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. மேற்கே பார்த்தால் கட்டடங்களுக்கு மேல்தான் இறங்கும். அதுவும் அழகுதான், அதற்காகவே போகலாம். ஆனால் விளம்பரத்தின் முதல் வரியிலேயே பொய் சொல்கிறவர்கள் பில்லில் எப்படி இருப்பார்கள் என்பதை அன்று இரவு பார்த்தோம்.

போனில் இரண்டு விஷயங்களைத் தெளிவாகக் கேட்டிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் மாடி வரை வருமா? வரும் என்றார்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டிய மேசை கிடைக்குமா? ஆயிரம் ரூபாய் அனுப்பினால் எடுத்து வைக்கிறோம், பில்லில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். ஜிபேயில் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் லிஃப்ட் ஒரு மாடி கீழேயே நின்றுவிட்டது. செங்குத்தான இரும்புப் படியில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே எங்களுக்கென்று போட்டிருந்த மேசை தண்ணீர்த் தொட்டிக்கும் சமையலறைப் புகை வெளியே வரும் குழாய்க்கும் நடுவில் இருந்தது. ஓர மேசைகள் காலியாகத்தான் இருந்தன. "அதெல்லாம் பேக்கேஜ் டேபிள் சார்" என்று சொல்லிவிட்டார்கள். கடற்கரைப் பக்கம் கலங்கரை விளக்கத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பக்கத்தைத் தொட்டி முழுசாக மறைத்திருந்தது.

அப்புறம் மீன். மெனுவில் முழுக் கொடுவா வறுவலுக்கு நேரே 'எடைக்கு ஏற்ப' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு, பரிமாறுகிறவர் "அறுநூறு, எழுநூறு வரும் சார். காலையில விசைப்படகுல வந்த மீன்" என்றார். அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வாங்கியே வளர்ந்தவர். "தம்பி, இது தடைக்காலமாச்சே. எந்த விசைப்படகுப்பா கடலுக்குப் போச்சு?" என்றார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. நாட்டுப்படகு, ஃபைபர் படகு மீன் வரும். குளத்தில் வளர்த்த கொடுவாவும் வரும். அப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் நாங்கள் ஒன்றும் கேட்டிருக்க மாட்டோம். அவர் பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

மீன் வந்தது. தலையோடு சேர்த்தாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது என்றார் அப்பா. பில்லில் 1 கிலோ 350 கிராம், நூறு கிராம் 220 ரூபாய் கணக்கில் 2,970 ரூபாய். சுத்தம் செய்வதற்கு முன் இருந்த எடை என்றார்கள். எடை போட்ட தராசைக் காட்டுங்கள் என்றோம். சமையலறை மூடியாயிற்றாம். அடுத்த மேசையில் அப்போதுதான் சூடாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எடைக்கு விலை வைக்கும் கடைகளில் பச்சை மீனை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, எடைத் துறை முத்திரையுள்ள தராசில் உங்கள் கண்ணெதிரே நிறுத்து, தொகையை ஆர்டர் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

பில் விவரத்தையும் சொல்கிறேன். சாப்பாடு 5,640. அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 564. இரண்டையும் கூட்டி அந்த 6,204-க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி, 310. ஆக 6,514 ரூபாய். முன்பணம் ஆயிரம் கழிக்கப்படவே இல்லை. கேட்டால் "அது டேபிள் புக்கிங் சார்ஜ்" என்றார்கள். ஜிஎஸ்டி வாங்குகிற அந்தச் சீட்டில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. சரியான பில் கேட்டு வெகுநேரம் நின்ற பிறகுதான் வேறொன்று அச்சடித்துத் தந்தார்கள். உணவகம் தரும் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். அதையும் பாருங்கள்.

சர்வீஸ் சார்ஜ் பற்றி மேலாளர் சொன்னது, "மெனு கீழே போட்டிருக்கோம் சார், எல்லாரும் கட்டுறாங்க." மெனுவில் அச்சடித்துவிட்டால் அது கட்டாயம் ஆகிவிடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எந்த உணவகமும் அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அதையும் கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது. உணவக சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொன்னபோது மேலாளர் குரலை உயர்த்தினார், பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. "குடுத்துட்டு வாப்பா, போலாம்" என்றார் அம்மா. அவருடைய நாளில் அவரை அப்படிச் சொல்ல வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் போட்டிருந்தார்கள். எரிச்சலாக இருந்தாலும், உட்கார வைத்துப் பரிமாறும் இடங்களில் அப்படி விற்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் அதைப் புகாரில் சேர்க்கவில்லை. பரிமாறிய பையன்கள் மேலும் எனக்குக் கோபமில்லை. சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள், அந்த 564 ரூபாய் அவர்கள் கைக்குப் போகிறதா என்று கேட்டபோது ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

பணத்தைக் கட்டினோம். இரண்டு பில்லையும், முன்பணம் அனுப்பிய ரசீதையும், மெனுப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பிற்பாடு ஹோட்டலிலிருந்தே கூப்பிட்டார்கள். சர்வீஸ் சார்ஜை மட்டும் திருப்பித் தருகிறோம், கூகுளில் எழுதிய விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்றார்கள். முன்பணம், மீன் கணக்கு இரண்டுக்கும் பதில் வராமல் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இனி மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யலாம். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் உங்கள் பில்லைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.