சினைப்பன்றிக்குத் தாது உப்பு: சல்பேட்டா, கீலேட்டா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வெண்பன்றி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: குட்டிக்குக் கழிச்சல் வராமலிருக்க, சினையிலேயே தாய்க்கு எந்தத் தாது உப்பு போடுவது? விலை குறைந்த சல்பேட் கலவையா, அமினோ அமிலத்தோடு பிணைத்த கீலேட்டா?

முதலில் தீவனத்தைப் பாருங்கள். மக்காச்சோளம், தவிடு, சோயா புண்ணாக்கு அரைத்துப் போடும் பண்ணையில், தானியத்திலும் பருப்பிலும் இயல்பாகவே இருக்கும் ஃபைட்டிக் அமிலம் நிறைய. அது தாது உப்பில் உள்ள துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்; சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போட்டால் பிடி இன்னும் இறுகும். சல்பேட்டாகக் கொடுத்ததில் பெரும்பங்கு கழிவோடு போய்விடும். கீலேட் அந்தப் பிடியில் அவ்வளவாகச் சிக்காது. குடல் சுவரின் செல்களை நெருக்கமாக இணைத்து வைக்கத் துத்தநாகம் வேண்டும். இணைப்பு தளர்ந்தால் கிருமிக்கு வழி திறந்துவிடும். கருவில் குட்டி வேகமாக வளர்வது கடைசி மாதத்தில்தான். ஆகவே 114 நாள் சினையில் 85ஆம் நாளுக்கு மேல் மட்டும் கீலேட் கொடுங்கள் என்பேன். முழுச் சினைக்கும் வாங்கினால் கட்டுபடியாகாது. பலன் தெரிந்த ஆய்வுகளும் உண்டு, தெரியாதவையும் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஓட்டல் மிச்சம் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. இன்று சோறு, நாளை காய்த்தோல். தாது அளவு தினமும் மாறும். அங்கே சாதாரணக் கலவையைத் தவறாமல் போட்டாலே பெரிய விஷயம். மிச்சத்தில் ஏற்கெனவே உப்பு அதிகம், அதனால் தொட்டியில் தண்ணீர் வற்றவே கூடாது.

சரி, இரும்பு? இங்கே இரண்டுமே தோற்கும். நஞ்சுக்கொடி வழியே இரும்பு கொஞ்சம்தான் போகும். குட்டி சுமார் 50 மில்லிகிராம் இருப்போடு பிறக்கிறது. பாலில் நாளுக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும், தேவையோ 7க்கு மேல். தாய்க்குக் கொடுத்த கலவையை நம்பி ஓர் ஈற்றில் குட்டிகளுக்குப் போடும் இரும்பு ஊசியைத் தள்ளிப்போட்டேன். பத்தாம் நாள் ஒரு குட்டியின் காதை வெளிச்சத்தில் பிடித்தேன்; வெளிறிக் கிடந்தது. வாலடியில் மஞ்சளாக ஈரம் ஒட்டியிருந்தது. அதிலிருந்து மூன்றாம் நாளே 200 மில்லிகிராம் இரும்பு ஊசி, தவறுவதில்லை.

பால் மறந்த குட்டிக்குத் துத்தநாக ஆக்சைடை மருந்தளவில் அள்ளிப் போடும் வழியும் இருக்கிறது. மண்ணில் சேர்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை நிறுத்திவிட்டது. நானும் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அப்புறம் சீம்பால். பன்றியில் நோய் எதிர்ப்புப் புரதம் கருவுக்குப் போகாது. முதல் நாள் பாலில்தான் கிடைக்கும். மார்கழிக் குளிரில் விறைத்த குட்டி மடி தேடாது. ஈனும் கொட்டகையில் அன்றிரவே பல்பு எரியட்டும்.