வலைமூடிப் போத்தலில் முளைப்பயறு: வன்னி வெக்கையில் நீண்டநாள் பாவனை

வலைமூடி வாங்குகிறவர் வலையைப் பார்க்குமுன் போத்தலின் வாயைப் பார்க்க வேணும். இணையக் கடைகளில் வருகிற மூடிகளில் கனக்க அகன்ற வாய் மேசன் போத்தலுக்கானவை (புரியில் மூடி சுற்றிப் பூட்டுகிற கண்ணாடிப் போத்தல்), 86 மில்லிமீற்றர். சிறுவாய் என்றால் 70. வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற ஜாம் போத்தல்களிலும் 70 மில்லிமீற்றர் வாய் உண்டுதான், ஆனால் புரி வேறு. ஜாம் மூடி கால் சுற்றில் பல்லுக் கவ்விப் பூட்டும். மேசன் மூடி புரியிலே சுற்றிச் சுற்றி இறங்கும். மேலே வைத்தால் பொருந்தினது மாதிரி இருக்கும், கவிழ்த்ததும் பயறெல்லாம் வாளிக்குள். போத்தலையும் மூடியையும் சோடியாக வாங்குவதே புத்தி.

மூடியில் மூன்று வகை. வட்ட வலைத் தகடும் அதை அழுத்திப் பிடிக்கிற தனி வளையமும் சேர்ந்தது ஒன்று. வலையும் விளிம்பும் ஒன்றாக அடித்த முழு சில்வர் மூடி இன்னொன்று. மூன்றாவது பிளாஸ்டிக். முதலாவதுதான் மலிவு, முதலில் பழுதாவதும் அதுதான். வலை கெடாது; வளையம் கெடும். தகட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் நிற்கிற தண்ணீர் காயவே காயாது, வளையம் வெள்ளீயம் பூசின இரும்பாக இருந்தால் புரியின் உட்பக்கத்தில் மண்ணிறக் கோடு விழும். கடையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்: வளையம் இறுக்கி இழுத்தால் அது இரும்பு. நல்ல சில்வரில் காந்தம் ஒட்டாது, அல்லது பட்டும் படாமல் இழுக்கும். பிளாஸ்டிக் மூடி துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் காயவைத்துக் காயவைத்தே விளிம்பு வெடித்துவிடும். நிழலில் காயவிட்டால் நெடுநாள் போகும்.

இனிப் பயறு. ஒரு லீற்றர் போத்தலுக்கு நான்கு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். முளைத்து வரும்போது பயறு பல மடங்கு இடம் பிடிக்கும். நெருக்கிப் போட்டால் நடுவில் உள்ளது காற்றில்லாமல் புளிக்கும். சமைக்க விற்கிற பயறே எடுக்க வேணும். விதைப்புக்கென்று மருந்து பூசி நிறமேற்றின விதையைத் தொடவே கூடாது, எத்தனை தரம் கழுவினாலும். வண்டு குத்தின மணி தண்ணீரில் மிதக்கும், அள்ளி எறியலாம்.

மூன்று பங்கு தண்ணீரில் ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் ஊறினால் போதும். குளிரான ஊர்க்காரர் எழுதின குறிப்பில் பன்னிரண்டு என்று இருக்கும். இங்கத்தைய வெக்கையில் அவ்வளவு நேரம் விட்டால் நுரை கட்டிவிடும். ஊறினபின் கல்லாய்க் கிடக்கிற மணிகளைப் பொறுக்கிவிடுங்கள். அவை முளைக்காது, அவித்தாலும் பல்லைப் பதம் பார்க்கும்.

மூடியின் வேலை இதற்குப் பிறகுதான். தண்ணீரை வடித்து, இரண்டு தரம் அலசி, போத்தலைப் படுக்கையாகச் சுழற்றிப் பயற்றைப் பக்கச் சுவரில் பரவவிட்டு, வாய் கீழே பார்க்க 45 பாகைச் சாய்வில் நிறுத்த வேணும். நேராகக் கவிழ்த்தால் பயறு முழுக்க வலையில் குவிந்து அடைக்கும்: தண்ணீரும் இறங்காது, காற்றும் ஏறாது. பயறு அழுகுவதற்குக் கூடுதலாகக் காரணம் இதுதான். பழி என்னவோ மூடிக்குப் போகும். மூடியோடு வருகிற கம்பித் தாங்கி இல்லாவிட்டால் கிண்ணத்தின் விளிம்பில் சாய்த்தாலும் சரி. கீழே தேங்குகிற தண்ணீரை ஒவ்வொரு அலசலோடும் ஊற்றிவிட வேணும்.

அலசுவது நாளுக்கு மூன்று தரம். வைகாசி முதல் ஆவணி வரை படுக்கப்போகுமுன் இன்னொன்று. சோளகக் காற்று வீசுகிற நாட்களில் வலையோரத்துப் பயறு காய்ந்து சுருங்கும், ஆகவே யன்னல் பக்கம் வைக்கக் கூடாது. தகரக் கூரைக் குசினியில் மத்தியானம் இன்னும் மோசம். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்து நிலம்தான் நல்ல இடம். ஒன்று, ஒன்றரை நாளில் ஒரு சென்ரிமீற்றர் வால் வந்துவிடும். அதற்குமேல் விட்டால் வேர் வலைக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும், பிறகு பல்துலக்கி இல்லாமல் மூடி சுத்தமாகாது.

வேர் நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. அது வேர்த்தூவி, அலசினால் படுத்துவிடும். பூஞ்சணம் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்கு நூல் பாய்ச்சிப் படரும், மணமும் காட்டிக்கொடுக்கும். வழவழப்பும் புளித்த நாற்றமும் வந்தால் கழுவித் திருத்தப் பார்க்க வேண்டாம், முழுக்க எறியுங்கள்.

பயறு, கௌபி, கொள்ளு, கடலை நாலும் வலைமூடியில் நன்றாக வரும். வெந்தயத்தின் பசை வலையை மூடிவிடும். தனியாக, கொஞ்சமாக, கூடுதல் அலசலோடு செய்யலாம். குரக்கனுக்கு இந்த மூடி சரிவராது: பிளாஸ்டிக் வலையால் ஒழுகும், சில்வர் வலைக் கண்ணில் இறுகும். அதற்குப் பழைய வேட்டித் துணிதான். பயற்றங்கோதும் வலையால் வெளியேறாது; கோது வேண்டாதவர்கள் கடைசியில் ஒரு சட்டித் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளிக்கொள்ளலாம்.

கிணற்றுத் தண்ணீர் கடினமான இடங்களில் வலையில் வெள்ளை படியும், கேத்தல் அடியில் படிகிற அதே கல்சியம். கண்கள் சுருங்கச் சுருங்க வடிதல் மெதுவாகும்; புது மூடி ஒரு மூச்சில் வடித்ததைப் பழையது சொட்டுச் சொட்டாக விடும். வினாகிரியும் சுடுதண்ணீரும் சமபங்கு கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே தேய்க்க வேணும். குளோரீன் வெளிற்றியை வினாகிரியோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

பச்சையாகத் தின்பதுபற்றி ஒரு சொல். முளை வளர்கிற ஈரமும் சூடும் கிருமிக்கும் உகந்தவை. 2011இல் ஜேர்மனியில் ஈ.கோலை பரவி ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தது வெந்தய முளையோடு தொடர்புபட்டது. கர்ப்பிணிகள், முதியோர், சிறுபிள்ளைகளுக்கு நன்கு வேகவைத்தே கொடுக்க வேணும். கிணற்றுத் தண்ணீரில் அலசுகிற வீட்டில் எல்லாருக்கும் அப்படியே. நீத்துப்பெட்டியில் ஆவி நன்றாக ஏறும்வரை அவித்துத் தேங்காய்ப்பூவோடு வறை செய்யலாம். மிஞ்சினதை ஈரம் வடியவிட்டுப் பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் நிற்கும், ஆனால் வலைமூடியோடு வைக்காதீர்கள், காய்ந்துபோகும்; சாதாரண மூடியைப் போட்டு வைக்கலாம்.