லங்காவியா, புக்கெட்டா? எட்டுப் பேருக்கு ஒரு பாய்மரப் படகு

சிங்கப்பூரில் காசு கொடுத்தால் எல்லாம் கிடைக்கும், காற்றைத் தவிர. போன ஆண்டு கெப்பல் பே படகுத்துறையிலிருந்து நண்பர்கள் எட்டுப் பேர் வாடகைப் பாய்மரப் படகில் கிளம்பினோம். லாசரஸ் தீவு போய்ச் சேரும்வரை பாய் ஒரே ஒரு முறைதான் விம்மியது. மற்ற நேரமெல்லாம் டீசல் என்ஜின்தான். இதற்கு மரினா சவுத் பியரில் ஃபெர்ரி ஏறி, செயின்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி, லாசரஸுக்கு நடந்தே போயிருக்கலாம்.

ஆனாலும் அந்த ஒரு நாளை வீண் என்று சொல்ல மாட்டேன். யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, யார் தட்டு கழுவ மாட்டார்கள் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. தேக்காவில் மீன் வாங்கி வீட்டில் வைத்துக் கொண்டுபோன குழம்பு, பக்கத்தில் போன ஃபெர்ரி கிளப்பிய அலையில் சட்டியோடு சாய்ந்தது. வெள்ளைப் பாய்க்கயிறு மஞ்சளாகிவிட்டது. முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் போவதென்றால் போட்டி மலேசியாவின் லங்காவிக்கும் தாய்லாந்தின் புக்கெட்டுக்கும்தான். இரண்டுமே அந்தமான் கடல் பக்கம். சாங்கியிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே வடகிழக்குக் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் அலை அடங்கியிருக்கும். நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் அப்போதுதான். ஜூனில் மட்டுமே விடுமுறை கிடைப்பவர்கள் தியோமான் தீவைப் பார்க்கலாம். அது மலேசியாவின் கிழக்குக் கரை. டிசம்பரில் அங்கே வாடை நேராக மோதும்.

கண்ணுக்கு விருந்து என்றால் புக்கெட்தான், மறுக்கவில்லை. பாங் நா விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைகள் தண்ணீரிலிருந்து சுவர்போல எழுந்து நிற்கின்றன. சில தீவுகளின் வயிற்றுக்குள் மேலே வானம் தெரியும் குளங்கள் உண்டு. நீர்மட்டம் சரியாக இருக்கும்போது குகை வழியே சிறு படகில் நுழைய வேண்டும். நேரம் தவறினால் வழி அடைபட்டுவிடும். ஆகவே புறப்படுமுன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கல் கூட்டம்தான். ஃபி ஃபி தீவுப் பக்கம் பகலெல்லாம் வேகப்படகுகளின் இரைச்சல். அங்குள்ள மாயா பே விரிகுடாவைக் கூட்டம் தாங்காமல் 2018-இல் மூடினார்கள். 2022-இல் திறந்த பிறகும் படகுகள் விரிகுடாவுக்குள் போகக் கூடாது, பின்பக்கம் இறங்கி நடக்க வேண்டும். பாய்மரப் படகில் போய் வரிசையில் நிற்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

லங்காவி அடக்கமானது. கெடா மாநிலத்தைச் சேர்ந்தது, அதாவது ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-இல் தேடிப்போன கடாரம். 99 தீவுகள் என்பது வழக்கமான கணக்கு. ஒரு தீவின் மறைவிலிருந்து அடுத்ததன் மறைவுக்குச் சில மணி நேரம் பாய் விரித்தால் போதும். தாயாங் புந்திங் தீவில் நங்கூரம் போட்டுவிட்டு உள்ளே நடந்தால் நன்னீர் ஏரி. உப்பில் ஊறிய உடம்புக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! 1987 முதல் தீர்வையற்ற தீவு என்பதால், குவா நகரில் சாக்லேட் கடையிலிருந்து நண்பர்களை இழுத்து வருவதற்குத்தான் தனி நேரம் ஒதுக்க வேண்டும். மாலையில் போய் உட்கார உணவகங்கள் புக்கெட் அளவுக்கு இல்லை. சமைக்கத் தெரிந்தவர் ஒருவராவது கட்டாயம்.

எந்த ஊரானாலும் ஒற்றை உடல் படகு காற்றில் சாய்ந்துகொண்டுதான் ஓடும். எனக்கு அதுதான் பாய்மரச் சுகம். வயிறு புரட்டுபவர்களுக்கு நரகம். இரட்டை உடல் கொண்ட கட்டமரானுக்கு வாடகை கூடுதல். பெயரை நம் கட்டுமரத்திடம் வாங்கிக்கொண்டு, உள்ளே நான்கு படுக்கையறைகளோடு கிட்டத்தட்ட நிமிர்ந்தே போகிறது. எட்டுப் பேர் என்றால் அதையே எடுங்கள். படகோட்டிய அனுபவம் உள்ளவர் குழுவில் இல்லையென்றால் ஒரு கேப்டனையும் சேர்த்து அமர்த்திக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு லங்காவிக்கும் கட்டமரானுக்கும். எட்டில் ஐந்து பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மூவருக்கு ஃபி ஃபியைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.