ஓடையை எடுத்து வருவது யார்? ஃபீட்லி, இனோரீடர், ஃபீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்

பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தருபவை ஆர்எஸ்எஸ் ரீடர்கள். அவற்றை ஒப்பிட்டுப் பேசினால் தோற்றத்திலும் கட்டணத்திலும்தான் பேச்சு சுற்றும். முதலில் கேட்க வேண்டியது வேறு: தளத்துக்குப் போய்ப் புதுப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்து வருவது யார்? நிறுவனத்தின் சர்வரா, உங்கள் கைபேசியா, நீங்களே ஓட்டும் சர்வரா? ரீடர் எதைத் தவறவிடும் என்பது பெரும்பாலும் இதிலேயே முடிவாகிவிடுகிறது.

தளம் தன் புதுப் பதிவுகளை ரீடர்களுக்காக வெளியிடும் பட்டியலே ஓடை (feed). அதில் கடைசிச் சில பதிவுகள் மட்டுமே நிற்கும். வேர்ட்பிரஸில் இயல்பாக 10, பிளாக்கரில் 25, யூடியூப் சேனலில் 15. நாளுக்கு 40 செய்தி போடும் வேர்ட்பிரஸ் தளம் என்றால் அதன் ஓடையில் ஆறு மணி நேரத்துச் சரக்குதான் இருக்கும். இரவு எட்டு மணி நேரம் ரீடர் எட்டிப் பார்க்காவிட்டால் நடுவில் வந்தவை போனது போனதுதான்.

கைபேசி ரீடர்களின் பலவீனம் அங்கேதான். ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஆப்பிளில் நெட்நியூஸ்வயர்: இரண்டும் இலவசம், திறமூலம், கணக்குத் தொடங்காமலே ஓடும். ஆனால் பின்னணியில் எப்போது ஓடலாம் என்பதை இயங்குதளம் தீர்மானிக்கிறது. ஃபீடரில் புதுப் பதிவு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரிச் சேமிப்பு. போனின் அமைப்புகளில் ஃபீடருக்கு விலக்குக் கொடுங்கள். பிறகு செயலிக்குள் ‘வைஃபையில் மட்டும்’, ‘சார்ஜ் ஏறும்போது மட்டும்’ என்பவை தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். மாதம் இரண்டு பதிவு எழுதும் வலைப்பூக்களைத் தொடர்பவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

ஃபீட்லியும் இனோரீடரும் தங்கள் சர்வரிலிருந்து எடுப்பதால் போன் அணைந்திருந்தாலும் பதிவுகள் சேரும். இலவசக் கணக்கில் ஃபீட்லி 100 ஓடைகள் தரும், இனோரீடர் 150, விளம்பரத்தோடு. இங்கேயும் ஓர் உள்குத்து உண்டு. பலர் தொடரும் ஓடையை இவை அடிக்கடி பார்க்கும். நீங்கள் ஒருவர் மட்டும் தொடரும் சின்ன வலைப்பூவின் முறை தாமதமாகத்தான் வரும். ஃபீட்லியில் 30 நாள் கடந்த பதிவு தானாகவே படித்ததாகக் குறிக்கப்பட்டுவிடும் என்பதால், ‘அப்புறம் படிக்கலாம்’ என்று குவித்து வைப்பவர்கள் முக்கியமானதைச் சேமித்து வைப்பது நல்லது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இனோரீடர். அந்தக் கூடுதல் 50 ஓடைகள் சீக்கிரமே தேவைப்படும். காசு கட்டிப் படிக்கும் செய்திமடலின் தனிப்பட்ட ஓடை முகவரியை மட்டும் இரண்டிலுமே போடாதீர்கள். அந்த முகவரியே கடவுச்சொல்.

எப்போதும் ஓடும் கணினி ஒன்று, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னதாக இருந்தாலும், வீட்டில் இருந்தால், நீங்களே அதில் நிறுவி ஓட்டும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் இவை எல்லாவற்றையும்விட மேல். ஒருவருக்கு, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் தரவுதளமே போதும். ஓடைகளின் எண்ணிக்கைக்கு நடைமுறையில் வரம்பு கிடையாது.

டாக்கரில் (மென்பொருளை ஒரே பொதியாக ஓட்டும் கருவி) நிறுவுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். ‘கிரான்_மின்’ (CRON_MIN) என்ற மாறிக்கு 3,33 என்று கொடுத்தால் ஒவ்வொரு மணியிலும் 3ஆம், 33ஆம் நிமிடங்களில் ஓடும். அப்படி ஓடினாலும், ஓர் ஓடையை ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்கக் கூடாது என்ற இன்னொரு இயல்பு அமைப்பு குறுக்கே நிற்கும். வேகமான செய்தித் தளத்துக்கு அந்த ஓடையின் அமைப்பில் மட்டும் 20 நிமிடமாகக் குறையுங்கள். எல்லாவற்றுக்கும் குறைத்தால் சில தளங்கள் 429 பிழையைத் திருப்பி அனுப்பும், அதாவது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’. கைபேசிச் செயலியை இதோடு இணைக்க இரண்டு வேலை: ஏபிஐ அனுமதியை (வேறு செயலிகள் இதனுடன் பேச விடும் வழி) இயக்குவது, சுயவிவரப் பக்கத்தில் ஏபிஐக்கென்று தனிக் கடவுச்சொல் வைப்பது. வழக்கமான கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போக முடியாமல் திணறுபவர்கள் அநேகம்.

தலைப்பும் இரண்டு வரியும் மட்டும் தரும் அரைகுறை ஓடைகளுக்கும் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ்ஸில் வழி இருக்கிறது. கட்டுரை எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று சிஎஸ்எஸ் தேர்வியால் (பக்கத்தின் ஒரு பகுதியைச் சுட்டும் குறியீடு) சொல்லிவிட்டால் முழுப் பதிவையும் இழுத்துவிடும். பிளாக்கர் தளங்களில் பெரும்பாலும் அது ‘போஸ்ட்-பாடி’ (.post-body) வகுப்பு; முன்னால் ஒரு புள்ளி வைக்க மறக்க வேண்டாம். ஃபீடரிலும் ஓடை வாரியாக முழுக் கட்டுரையை எடுக்கச் சொல்லலாம். அது ஊகித்து எடுப்பதால் சில நேரம் பக்கப்பட்டையும் சேர்ந்து வந்துவிடும்.

எந்த ரீடரானாலும் தள முகவரியைக் கொடுத்தாலே பெரும்பாலும் ஓடையைக் கண்டுபிடித்துவிடும். பழைய தமிழ் வலைப்பூக்கள் சிலவற்றில், ஓடையை இடையில் நின்று வழங்கும் சேவையான ஃபீட்பர்னரின் முகவரி அகப்படும். அதை விட்டுவிட்டு பிளாக்கரின் சொந்த ஓடையையே சேருங்கள்; நடுவில் இன்னொரு சேவை எதற்கு?

ரீடர் மாறும் எண்ணமிருந்தால் ஓபிஎம்எல் கோப்பை (ஓடைப் பட்டியலுக்கான பொதுக் கோப்பு வகை) ஏற்றுமதி செய்யுங்கள். மேலே சொன்ன எல்லா ரீடர்களும் அதை ஏற்கும். ஆனால் அதில் ஓடைப் பட்டியலும் கோப்புறைகளும்தான் போகும். நட்சத்திரமிட்டவையும் படித்த கணக்கும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். எனவே நட்சத்திரமிட்டவற்றைத் தனியாக எடுத்து வைத்த பிறகு பழைய கணக்கை மூடுங்கள்.