மருந்துப் பெயர் இல்லாத கவரை வாங்காதீர்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பிள்ளைகளைச் சின்னக் கிளினிக்குகளுக்குக் கூட்டிப் போகிறவர்கள் இதைப் படியுங்கள். அட்டையிலிருந்து பிரித்த மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டு, மேலே 1-0-1 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். சீட்டில் மருந்தின் பெயரை எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அக்கா மகளுக்கு 13 வயது. வலிப்பு வந்ததற்கு ஒரு கிளினிக்கில் இப்படித்தான் கவர் கொடுத்தார்கள். சாப்பிட ஆரம்பித்து ரெண்டு வாரம் தாண்டியிருக்கும். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அதற்குத் தனியாகக் காசு வாங்கினார்கள். அடுத்து முகத்திலும் நெஞ்சிலும் கருஞ்சிவப்புத் திட்டுகள். டாக்டர் எட்டி நின்று பார்த்துவிட்டு, "அம்மைதாம்மா, வேப்பிலை வச்சுப் படுக்கப் போடுங்க, வலிப்பு மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். படித்த டாக்டர் சொன்னது இது! பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லியிருந்தாலே உள்ளே முழுக்கப் புண் என்று தெரிந்திருக்கும்.

அத்தான் அவளைத் தூக்கும்போது முதுகுத் தோல் வழண்டு கையோடு வந்தது. உடனே வண்டி பிடித்து திருநெல்வேலி ஐகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே முதல் கேள்வியே, "பிள்ளை என்ன மாத்திரை சாப்பிடுதா?" கவரை நீட்டினோம். வெறும் வெள்ளை மாத்திரை, அதை வைத்து யார் என்ன சொல்ல முடியும்? கிளினிக்குக்குப் போன் போட்டால், "டாக்டர் இல்ல, போன்ல சொல்ல முடியாது." அத்தான் நேரில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் கார்பமாசெபின் என்ற பெயர் வந்தது.

பிள்ளைக்கு வந்தது அம்மையே இல்லை, அந்த மாத்திரையால் வந்த பாதிப்பு. இந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்றால், கார்பமாசெபின் இப்படிச் செய்த பிள்ளைக்கு ஃபெனிட்டாயினும் ஃபீனோபார்பிட்டாலும் அதையே செய்யலாம். மூன்றுமே வலிப்புக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற மருந்துகள். பெயர் தெரியாமல் ஃபெனிட்டாயின் ஊசியைப் போட்டிருந்தால்? லெவெடிராசெட்டம் என்ற வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினார்கள்.

வியாதியின் பெயர் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். தோல் உரிவது உடம்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால் அதற்கு டென் (TEN) என்று வேறு பெயர், உயிருக்கே ஆபத்து. தீக்காயக்காரர்களைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தார்கள்: டிரிப்ஸ், வலிக்கு மருந்து, கிருமி அண்டாமல் காவல். மருந்தை நிறுத்திய பிறகும் சில நாள் பரவத்தான் செய்யும், பயந்துவிடாதீர்கள். கண் டாக்டர் தினமும் வந்தார். இமை கண்விழியோடு ஒட்டிக்கொண்டால் பார்வைக்கே கேடு என்பதால் கண்ணை விட்டுவிடக் கூடாது. இப்போதும் அவள் சொட்டு மருந்து விடுகிறாள்.

ஊசி போட்ட கையோடு மூச்சுத் திணறி, முகம் வீங்கினால் அது வேறு வகை ஒவ்வாமை. அதற்குத் தொடையில் அட்ரினலின் ஊசி உடனே போட வேண்டும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் மெதுவாக வரும், பெரும்பாலும் முதல் நாலு வாரத்துக்குள். சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்து, சில வலி மாத்திரைகள், லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்து எல்லாவற்றாலும் வரலாம். புது மாத்திரை ஓடும்போது காய்ச்சலோடு தடிப்பும், வாயிலோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண்ணும் வந்தால், தொட்டால் தோல் வலித்தால், அந்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடாது, வலிப்பு திரும்ப வரும். மாற்று மருந்து அங்கேதான் கிடைக்கும். அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஆகாத மருந்துகளின் பெயரை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி, பள்ளிக்கூடத்திலும் ஒரு நகல் கொடுத்திருக்கிறோம். மருந்தால் வந்த பாதிப்பை நாமே அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குச் சொல்லலாம், கட்டணமில்லா எண் 1800-180-3024. கிளினிக்கில் குளுக்கோஸுக்கு வாங்கிய காசுக்கு ரசீது கேட்டோம், அதையும் இதுவரை தரவில்லை.