கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிலோ துணி வாங்கப் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரம் பக்கம் காரில் போகிறவர்கள், அதிலும் என்னை மாதிரி குயில்ட் தைக்கிற கிறுக்குப் பிடித்தவர்கள், வழியில் துணிக்கடை போர்டைப் பார்த்து பிரேக் போடச் சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 3,700 ரூபாய். அதைவிடப் பெரிசு, ஒன்றரை மாத உழைப்பு.

குயில்ட் என்றால் தெரியாதவர்களுக்கு: நம் பாட்டிமார்கள் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை தைப்பார்களே, அதன் ஒன்றுவிட்ட தங்கச்சி. மேலே துண்டுத் துணிகளை இணைத்த ஒரு பக்கம், நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரே துணி, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இதற்குச் சுத்தமான பருத்தி வேண்டும், நிறைய டிசைன் வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போதும். அதனால் கட் பீஸ் கடை என்றாலே எங்களுக்குக் கால் தானாகத் திரும்பும்.

போன தை மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டு, நான், வீட்டுக்காரர், நாத்தனார் மூவரும் கடற்கரைச் சாலையைப் பிடித்து வேம்பார், சாயல்குடி வழியாக ராமேஸ்வரம் கிளம்பினோம். ஒரு பக்கம் பனங்காடு, மறுபக்கம் சீமைக்கருவேலம், நடுநடுவே கரிமூட்டப் புகை. நல்ல பயணம்தான், அதைக் குறை சொல்லவில்லை. சாயல்குடி தாண்டி, கீழக்கரைக்கு முன்னால், ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்ட ஒரு கடை. 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் காட்டன், கிலோ 300' என்று பிளெக்ஸ். நான் கத்திய கத்தலில் வீட்டுக்காரர் வண்டியை மண்ணில் இறக்கிவிட்டார்.

கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். நாற்பது வயசு இருக்கும், சிரித்த முகம். துணியைக் காட்டுவதற்கு முன்னால் வண்டி நம்பரைப் பார்த்தார். "மதுரை வண்டியா? வாங்கக்கா. ராமேஸ்வரமா? திரும்ப இதே வழியாத்தான் வருவீங்களா?" என்று கேட்டார். நானும் என்னவோ சொந்தக்காரர் விசாரிக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு, இல்லைங்க, கோயிலுக்குப் போய்விட்டுப் பரமக்குடி வழியாக அப்படியே மதுரை போய்விடுவோம் என்று முழு விவரமும் ஒப்பித்தேன். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

கடைக்குள் இரண்டு வகை. ஒன்று, பிளாஸ்டிக் நார் போட்டு இறுக்கிக் கட்டிய கிலோ கட்டுகள். இன்னொன்று, தானிலிருந்து, அதாவது சுருட்டி வைத்த முழுத் துணியிலிருந்து, மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பது, மீட்டர் 90 ரூபாய். கட்டின் மேலேயும் ஓரத்திலேயும் அருமையான பாப்ளின் (நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி) தெரிந்தது, சின்னச் சின்னப் பூ, புள்ளி, கட்டம், எல்லாம் குயில்ட்டுக்கென்றே அச்சடித்த மாதிரி. பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா மறுபடி கட்ட ஆள் இல்லக்கா, கண்ண மூடிட்டு எடுங்க, எல்லாம் திருப்பூர் எக்ஸ்போர்ட் மால்" என்றார்.

இங்கேயே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். திருப்பூர் முக்கியமாகப் பனியன் துணிக்குப் பேர் போன ஊர், பின்னலாடை. நெய்த துணியில் ஏற்றுமதி மிச்சம் என்றால் கரூர் என்றோ ஈரோடு என்றோ சொல்லியிருந்தால்கூட ஒரு நியாயம் இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? பத்து வருஷமாகத் துணியோடு கிடக்கிறேன். ஆனால் மனசுக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. 44 அங்குல பன்னாவில் (அகலத்தில்) மெல்லிய பாப்ளின் ஒரு மீட்டர் ஏறக்குறைய 130, 140 கிராம் வரும், அப்படியானால் கிலோவுக்கு 7 மீட்டர், மீட்டர் 43 ரூபாய்க்கு விழுகிறது! ஆசை கண்ணை மறைத்துவிட்டது. 8 கிலோ கட்டாக எடுத்தேன், 2,400. தானிலிருந்து ஐந்து டிசைனில் மும்மூன்று மீட்டர், 1,350. ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார், ரொம்பப் பெரிய மனசு. ஜிபே கேட்டதற்கு டவர் கிடைக்காது என்றார். (வெளியே நாத்தனார் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.) பில் கேட்டதற்குப் புக்கு முடிந்துவிட்டது, அடுத்த தடவை வரும்போது தருகிறேன் என்றார். அடுத்த தடவை வர மாட்டோம் என்று அவரிடம் சொன்னதே நான்தான்.

ராமேஸ்வரம் முடித்துத் திரும்புகிற வழியில் பரமக்குடியில் ஒரு கைத்தறிக் கடையில் நிறுத்தினோம். நெசவு ஊர், ஏதாவது எடுக்காமல் வர மனசு வராது. அங்கே இருந்த பெரியவர் கேட்காமலே துணியை முழுசாக விரித்துக் காட்டி, "இது கஞ்சி போட்டதும்மா, முதல் தண்ணியில கொஞ்சம் சுருங்கும், அதுக்குத் தகுந்த மாதிரி கூட எடுத்துக்குங்க" என்று அவராகவே சொன்னார். நான் பெருமை தாங்காமல் காரிலிருந்து அந்தக் கட்டை எடுத்துவந்து கிலோ 300 தான் என்று காட்டினேன். ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். "சரிம்மா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சரிம்மாவை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால், மேல் அடுக்கும் ஓரமும் மட்டும்தான் நான் பார்த்த பாப்ளின். நடுவில் கனத்த பாலியஸ்டர் கலப்பு, வெயிலில் மடிப்புக் கோடு வெளுத்த துண்டுகள், நடுவில் ஒட்டுப்போட்டு இணைத்தது, மை முத்திரை குத்தியது, அப்புறம் நடு மையத்தில் ஒரு அட்டைத் தக்கை. பூஞ்சை வாடை வேறு. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்து நிறுத்தால் 7 கிலோ 200. கடற்கரை ஈரக்காற்றில் துணி கனக்கும் என்பது உண்மைதான், பருத்தி ஈரத்தை இழுக்கும். ஆனால் இவ்வளவு ஈரம் காற்று மட்டும் கொடுத்ததா என்று எனக்குச் சந்தேகம். மொத்தம் அளந்ததில் 34 மீட்டர். 56 கிடைக்கும் என்று கணக்குப் போட்ட இடத்தில் 34. ஆக மீட்டர் 70 ரூபாய் கொடுத்துப் பாலியஸ்டர் வாங்கியிருக்கிறேன்.

சரி, இது சந்தையில் நடக்கிறதுதான் என்று விட்டுவிட்டேன். மீட்டர் கணக்கில் வாங்கியதாவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்து, அந்த ஐந்து துணியோடு தேறிய பாப்ளினையும் சேர்த்து, அண்ணன் மகளுக்குப் பிறக்கப்போகிற குழந்தைக்கு ஒரு குயில்ட் வெட்ட ஆரம்பித்தேன். ஒரு துணி பற்றவில்லை. நான் தப்பாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று அடுத்ததை அளந்தேன். 2 மீட்டர் 74 சென்டிமீட்டர். அதற்கடுத்ததும் 2.74. ஐந்துமே, வெட்டின துண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், அதே 2.74. கை தவறி அளந்தால் ஒன்று கூடும், ஒன்று குறையும். ஐந்தும் ஒன்றுபோலக் குறைந்தால் அது கை இல்லை, கோல். 36 அங்குலக் கஜக் கோலை வைத்து மீட்டர் என்று அளந்திருக்கிறார்! கஜம் 91.44 சென்டிமீட்டர், மூன்று கஜம் 2.74. பணமாகப் பார்த்தால் மொத்தம் 116 ரூபாய் போல வரும், அவ்வளவுதான். ஆனால் முன்னாடி சொன்ன கட்டை விட இதுதான் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் என் கண் முன்னாலேயே, சிரித்துப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு கோலுக்கும் எண்ணிச் சொல்லி அளந்தார். கடைகளில் இருக்கும் மீட்டர் கோலில் அரசு முத்திரை குத்தியிருக்க வேண்டும், தொழிலாளர் துறை ஆட்கள் சோதித்துக் குத்துவது. நான் கோலைப் பார்க்கவே இல்லை, டிசைனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேலும் அந்தத் துணியைத் தொட்டிருக்கக் கூடாது. தொட்டேன். தைத்து முடித்து, வளைகாப்புக்கு முந்தின வாரம் ஒரு தண்ணியில் அலசிவிடலாம் என்று வாளியில் போட்டால், ஒரு சிவப்புத் துணியின் சாயம் இறங்கி வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. காய்ந்த பிறகு பார்த்தால் இன்னும் கொடுமை. பருத்தித் துண்டுகள் சுருங்கின, பருத்தி என்று நம்பித் தைத்ததில் பாலியஸ்டர் கலந்திருந்தது அப்படியே நின்றது, அந்தச் சிவப்பு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுருங்கியது. போர்வை முழுக்க முடிச்சு முடிச்சாக, அப்பளம் பொரித்த மாதிரி.

அப்புறம்தான் மிச்சத் துண்டுகளைக் கொளுத்திப் பார்த்தேன். ரெண்டு நூலை இடுக்கியில் பிடித்துத் தீ வைத்தால் பருத்தி காகிதம் மாதிரி எரியும், வாசனையும் காகிதம் எரிகிற வாசனைதான், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி ஓரத்தில் கறுப்பாகக் கெட்டி மணி கட்டும். ஆனால் அந்தச் சிவப்புத் துணி அழகாகக் காகிதம் மாதிரியே எரிந்தது, அதுதான் ஏமாற்று. அது ரேயான். ரேயானும் மரக்கூழிலிருந்து வருவது, அதனால் எரிகிற விதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. நனைந்தால் அதற்குப் பலம் போய்விடும், ஒரு நூலை நனைத்து இழுத்தேன், பட்டென்று அறுந்தது. பருத்தி நூல் நனைந்தால் அப்படி அறுந்துபோகாது. இது இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிஷ வேலை. அந்தக் கடை வாசலிலேயே செய்திருக்கலாம். சாயம் போகிறதா என்று பார்க்க ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய், அதற்குக் கால் நிமிஷம்.

கடையின் போர்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுத்தார். "எந்தக் கடைங்க? நாங்க மீன் வியாபாரம்" என்றார். குரல் அதே குரல். அடுத்த தடவை எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தெரியும். கையில் ரசீது இல்லை, பணம் போன தடயம் இல்லை, என்ன சொல்லி அழைப்பது? நீங்கள் வாங்கினால் ஜிபே இல்லாத இடத்தில் பில்லாவது கேளுங்கள், இரண்டும் இல்லை என்றால் நுங்கு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அந்தப் பக்கம் நல்ல துணி கிடைக்காது என்று அர்த்தமில்லை. கீழக்கரை, ராமநாதபுரம் கடைத்தெருக்களில் கைலி எடுத்துப் பாருங்கள், நல்ல பருத்திக் கைலி குயில்ட்டின் அடிப்பக்கத்துக்கு அவ்வளவு பொருத்தம், ஒரே துண்டாக இரண்டு மீட்டர் நீளம் கிடைக்கும். தையல்காரர்களிடம் வெட்டுத்துணி கேளுங்கள், சும்மாவே தருகிறவர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து பேரம் பேசுகிற கடையாகப் பாருங்கள். நான் போன கடையில் நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் வந்தது இன்னொரு வெளியூர் வண்டி மட்டும்தான், அதனிடமும் அதே கேள்வி: "திரும்ப இதே வழியாத்தான் வருவீங்களா?" உங்களிடம் யாராவது கேட்டால், ஆமாம், நாளைக்கு இதே வழிதான் என்று சொல்லிவையுங்கள்.

வளைகாப்புக்குக் கடைசியில் கடையில் வாங்கின கம்பளிதான் போனது. பாலியஸ்டர் துணி இன்னும் அஞ்சு கிலோ பரணில் கிடக்கிறது. பை தைக்கவோ மிதியடிக்கோ யாருக்காவது வேண்டுமென்றால் மதுரைக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். பிரித்துப் பார்த்துவிட்டே எடுங்கள்.