காப்புரிமைத் தேதியைக் காட்டி விற்கிறார்கள்: பழைய தையல் மெஷின் அட்டாச்மென்ட் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய சிங்கர் மெஷினுக்கு அட்டாச்மென்ட் (காஜா, சுருக்கு போன்ற வேலைகளுக்காக மெஷினில் மாட்டும் துணைக்கருவி) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். இணையத்தில் பழம்பொருள் விற்கும் ஒருவரிடம் ஒரு செட் வாங்கினேன். "1889-ஆம் ஆண்டு ஒரிஜினல், முழு செட், லோ ஷாங்க் மெஷினுக்குப் பொருந்தும்" என்பது அவர் விளம்பரம். ஷாங்க் என்பது துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை மாட்டும் தண்டு; அது குட்டையாக இருந்தால் லோ ஷாங்க், உயரமாக இருந்தால் ஹை ஷாங்க், சாய்வாக இருந்தால் ஸ்லாண்ட் ஷாங்க். ஷாங்க் லோதானா, எல்லாம் ஒரே காலத்தவைதானா என்று பணம் கட்டும் முன்பே கேட்டேன். ஆமாம் என்று எழுதியே அனுப்பினார். இரண்டுமே பொய்.

பெட்டி மட்டும் உண்மையானது. பக்கங்களை விரித்தால் தட்டையாகிவிடும் அந்த மரப்பெட்டி, உள்ளே வெல்வெட், 1889 பிப்ரவரி 19 என்ற காப்புரிமைத் தேதி. அருமையான வேலைப்பாடு. ஆனால் அந்தத் தேதி, பெட்டியின் வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடைத்த நாள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே தேதியைப் பொறித்துத்தான் பெட்டிகள் வந்தன. இந்தப் பெட்டி அந்த நாளுக்கு முந்தியது இல்லை என்பதற்கு மேல் அந்தத் தேதியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பெட்டியோடு தனியாகச் சுற்றி அனுப்பியிருந்த காஜா அட்டாச்மென்டைப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அதில் இருந்த எண் 160743. அது ஸ்லாண்ட் ஷாங்க் மெஷினுக்கானது. ஊசி சாய்ந்து நிற்கும் அந்த அமைப்பை வீட்டு மெஷினில் சிங்கர் கொண்டுவந்தது 301 மாடலில், 1952-இல். அப்படியானால் 1889 செட்டில் அதற்கு என்ன வேலை? லோ ஷாங்குக்கு வேண்டியது 160506. இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான், ஆனால் ஒன்றை மற்றதில் மாட்ட முடியாது. ஊசியைப் பிடிக்கும் திருகின் மேல் அட்டாச்மென்டின் கவை சரியாக உட்காராது. பலவந்தமாக மாட்டி ஓட்டினால் ஊசி உடையும், உடைந்த துண்டு கண்ணில் தெறிக்கவும் கூடும்.

துணியைச் சுருக்கித் தைக்கும் ரஃப்ளர், எண் 86642. எண் சரி, லோ ஷாங்க்தான். ஆனால் பல் வைத்த தகட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இன்னொரு மெல்லிய தகடு காணோம். அது இல்லாவிட்டால் மேல் பற்கள் அடித்துணியையும் சேர்த்து இழுத்துவிடும், சுருக்கு ஒழுங்காக விழாது. ஓரம் மடிக்கும் ஃபுட் இன்னும் கொடுமை: துருவைச் சுரண்டாமலே மேலே வெள்ளி பெயின்ட். துணி சுருண்டு உள்ளே போகும் அந்த வளைவு கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தால்தான் மடிப்பு விழும்.

விற்றவரிடம் சொன்னேன். "பெட்டியிலேயே தேதி இருக்கிறதே" என்றார். அப்புறம், பழைய பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று முடித்துக்கொண்டார்.

வாங்கும் முன் இதைக் கேளுங்கள்: ஒவ்வொரு துண்டிலும் பொறித்திருக்கும் எண் தெளிவாகத் தெரியும் படம், ஷாங்க்கைப் பக்கவாட்டில் ஸ்கேலோடு வைத்து எடுத்த படம். உங்கள் மெஷினில் பிரஷர் ஃபுட்டை இறக்கிவிட்டு, ஊசித் தகட்டிலிருந்து ஃபுட்டைப் பிடிக்கும் திருகின் நடுவரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய அரை அங்குலம் என்றால் லோ ஷாங்க், ஒரு அங்குலம் என்றால் ஹை ஷாங்க். ரஃப்ளர் என்றால் இரண்டு தகடுகளும் தெரிய வேண்டும்.

வயதைக் கணிக்க அந்த எண்களும் எழுத்துகளும்தான் உதவும். 'சிமான்கோ' என்று இருந்தால் அது சிங்கர் மேனுஃபாக்சரிங் கம்பெனியின் சுருக்கம், பக்கத்தில் யு.எஸ்.ஏ. என்றோ கிரேட் பிரிட்டன் என்றோ இருந்தால் எந்த நாட்டில் செய்தது என்பதும் தெரிந்துவிடும். அமெரிக்கப் பொருள்களில் காப்புரிமைத் தேதியைப் பொறிக்கும் வழக்கம் மாறி, எண்ணைப் பொறிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது 1927-இல். அதனால் வெறும் தேதி மட்டும் உள்ள துண்டு பெரும்பாலும் அதற்கு முந்திய வடிவமைப்பாக இருக்கும். பெட்டியில் உள்ள தேதியை மட்டும் வைத்து, உள்ளே இருப்பவற்றின் வயதைச் சொல்கிறவரை நம்பாதீர்கள். பெட்டி ஒரு காலம், பொருள் ஒரு காலமாக இருப்பது சகஜம்.

அவர் எழுத்தில் தந்த பதிலை இணைத்து, பணம் செலுத்திய தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் அவர் அடுத்த "1889 முழு செட்" விளம்பரத்தைப் போட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதிலும் ஒரு துண்டின் ஷாங்க் சாய்ந்துதான் இருக்கிறது.